டிக்‌ஷ்னரி முனியசாமி போட்ட கையெழுத்து

பத்தாம் வகுப்பில் ஆங்கிலத்தில் இருபத்தேழு மார்க் வாங்கிக் கோட்டைவிட்ட முனியசாமிக்கு, கத்தாரில் 'டிக்‌ஷ்னரி' என்று பெயர். கிண்டலுக்கு வைத்தது என்று நினைத்துவிடாதீர்கள். ராஸ் லஃபான் எரிவாயு ஆலைகளுக்கு ஆள் அனுப்பும் ஒரு கான்ட்ராக்ட் கம்பெனியின் கேம்ப் அது. அறைக்கு ஆறு பேர் வீதம் எண்ணூறு பேர் படுத்து எழுந்திருக்கிற இடம். அங்கே மெஸ்ஸில் தட்டோடு நின்றால் வங்காளத்துச் சமையல்காரர்கூட "டிக்‌ஷ்னரி பாய்" என்று சிரித்து ஒரு கரண்டி பருப்பு கூடுதலாக ஊற்றுவார். அந்த மரியாதையை அவனுக்கு வாங்கிக் கொடுத்தது ஒரு விளையாட்டு. அவனைக் கவிழ்த்ததும் அதேதான்.

ஊர் கமுதிப் பக்கம். வயது முப்பத்தொன்பது. பதினோரு வருடமாக வளைகுடாவில் சாரம் கட்டுகிறான். இரும்புக் குழாயை நிறுத்தி, கிளாம்ப் போட்டு முறுக்கி, மேலே பலகை பரப்பி, வெல்டரும் பெயின்டரும் நின்று வேலை பார்க்க இடம் செய்து கொடுப்பதுதான் அவன் பிழைப்பு. எந்தக் குழாய் எதோடு சேரும், எந்த மூலைக்கு எந்த கிளாம்ப் என்பதெல்லாம் கைக்கே தெரியும். பக்கத்தில் நிற்கிற கோபுரத்துக்குள் என்ன ஓடுகிறது என்று அவன் ஒருநாளும் கேட்டதில்லை. கேட்க வேண்டிய அவசியமும் வந்ததில்லை. இதை ஏன் சொல்கிறேன் என்றால், அவன் இங்கிலீஷ் வார்த்தைகளைப் படித்ததும் இதே முறையில்தான்.

நாலு வருடத்துக்கு முன்னால் ஃபிலிப்பைன்ஸ்காரர் ஒருவர் வேலையை முடித்து ஊருக்குப் போகும்போது, சுமக்க மனமில்லாமல் ஒரு ஸ்கிராபிள் பெட்டியைக் கேம்ப்பின் பொழுதுபோக்கு அறையில் விட்டுவிட்டுப் போனார். கேரம் போர்டுக்கு அடிதடி நடக்கிற அறையில் அந்தப் பெட்டியைச் சீந்த ஆளில்லை. ஒரு வெள்ளிக்கிழமை மதியம், கேரம் கிடைக்காத கடுப்பில் முனியசாமி அதைத் திறந்தான்.

ஆட்டம் தெரியாதவர்களுக்காக நாலு வரி. நூறு சின்னக் கட்டைகள். ஒவ்வொன்றிலும் ஓர் இங்கிலீஷ் எழுத்து, மூலையில் அதற்கு எத்தனை பாயிண்ட் என்கிற எண். ஆளுக்கு ஏழு கட்டை. அவற்றைப் பலகையில் அடுக்கி வார்த்தை கட்ட வேண்டும். ஏழையும் ஒரே மூச்சில் இறக்கிவிட்டால் ஐம்பது போனஸ். போட்ட வார்த்தை சந்தேகமாக இருந்தால் எதிராளி சேலஞ்ச் பண்ணலாம். பட்டியலில் இருந்தால் செல்லும், இல்லையென்றால் செல்லாது. ஆனால் அடுத்தவன் தன் கட்டையை வைத்துவிட்டால் அதற்கப்புறம் பேச்சே கிடையாது, தப்பு வார்த்தையாக இருந்தாலும் நின்றது நின்றதுதான். அர்த்தத்தை மட்டும் யாரும் கேட்க மாட்டார்கள். அதற்கு விதியிலேயே இடம் இல்லை.

அர்த்தம் கேட்காத இங்கிலீஷ்! முனியசாமிக்கு வேறென்ன வேண்டும்? கிடைத்தவன் விடுவானா?

வார்த்தைப் பட்டியலை அவனுக்கு அச்செடுத்துக் கொடுத்தவர் தயாபரன். யாழ்ப்பாணம் கொக்குவில்காரர், கேம்ப் ஆபீஸில் டாக்குமென்ட் கிளார்க், ஐம்பது தாண்டியவர். அவர் இங்கிலீஷில் ஒரு கடிதம் எழுதினால் மேனேஜரே அதில் கைவைக்க யோசிப்பார். முதலில் இரண்டெழுத்து வார்த்தைகள், அப்புறம் மூன்றெழுத்து, அப்புறம் கியூவுக்குப் பக்கத்தில் யூ வராத வார்த்தைகள், வீ, டபிள்யூ மாதிரி அதிக பாயிண்ட் எழுத்து வருகிற வார்த்தைகள் என்று வரிசையாகக் கொடுத்தார். இடது பக்கம் வார்த்தை. வலது பக்கம், பாவம், தன் கையெழுத்தில் தமிழில் அர்த்தம். பிள்ளைக்குப் பிரயோசனப்படட்டும் என்று நினைத்தாராம்.

கேம்ப்பிலிருந்து சைட்டுக்குப் பஸ்ஸில் முக்கால் மணி நேரம். மற்றவர்கள் வாய் பிளந்து தூங்குவார்கள், முனியசாமி படிப்பான். தாள் சட்டைப் பைக்குள் அடங்க வேண்டுமே? அதற்காக அர்த்தம் இருந்த பாதியை உள்பக்கமாக மடித்துக்கொண்டான். நாலு வருடத்தில் அந்த மடிப்பு ஒரு தடவைகூடப் பிரியவில்லை.

"ஓ-ஈ போட்டிருக்கிறீர். அது என்னெண்டு தெரியுமோ?" என்று ஆட்டத்தின் நடுவில் தயாபரன் கேட்பார்.

"ரெண்டு பாயிண்டு சார்."

"எங்கேயோ வடக்கே, ஃபரோ தீவுப்பக்கம் அடிக்கிற சுழல்காத்து ஐசே! இந்தா, கியூ-ஏ-என்-ஏ-டி. இதாவது தெரியுமோ? நிலத்துக்குக் கீழால வெட்டின வாய்க்கால். அரபியிலயிருந்து வந்த சொல். பதினொரு வரியமா அரபு நாட்டில இருக்கிறீர்."

"வாய்க்காலோ வரப்போ, யூ இல்லாம கியூவை எறக்கியாச்சில்ல சார். அதப் பாருங்க."

தயாபரன் தலையில் அடித்துக்கொள்வார். இங்கிலீஷ் தெரிந்த அவர் வாராவாரம் தோற்பார், தெரியாத முனியசாமி ஜெயிப்பான். சுற்றி நிற்பவர்களுக்கு இதைவிட வேடிக்கை வேறு ஏது?

ஸ்கோர் எழுதுவது சுரேஷ்குமார். பரமக்குடிக்காரன், முனியசாமியின் அறைத்தோழன், கீழ்ப் படுக்கை. இங்கிலீஷ் ஓரெழுத்து தெரியாது, ஆனால் கூட்டல் அவனிடம் பிசகாது. காதில் பேனாவைச் செருகிக்கொண்டு உட்கார்ந்திருப்பான். முனியசாமி வார்த்தையை இறக்கியதும் கட்டை எண்ணை விரலால் தொட்டுத் தொட்டுக் கூட்டுவான். "ஏழெழுத்தா மாப்ள?" என்பான். ஆமாம் என்றால், "அப்ப அம்பது சேத்துக்க!" என்று கத்துவான். அந்தக் கத்தலுக்காகவே முனியசாமி ஏழெழுத்து வார்த்தைகளைத் தேடித் தேடிப் படித்தான் என்றுகூடச் சொல்லலாம்.

போன வருடம் எட்டு கேம்ப்களுக்கு இடையே போட்டி நடந்தது. முனியசாமி கோப்பை வாங்கினான். எதிரில் ஆடியவர்களில் இரண்டு பேர் இன்ஜினியர்கள். கோப்பையோடு எடுத்த படத்தைக் கம்பெனி நோட்டீஸ் போர்டில் ஒட்டினார்கள். கீழே பெரிய எழுத்தில், 'நம் கேம்ப்பின் இங்கிலீஷ் சாம்பியன்' என்று ஆபீஸ் இங்கிலீஷில் ஒரு வரி. அதைப் போனில் படமெடுத்து மனைவி நாகவள்ளிக்கு அனுப்பினான். அவள் தெரு முழுக்கக் காட்டிவிட்டாள். இருபத்தேழு மார்க் போட்ட வாத்தியாருக்கும் காட்டச் சொன்னானாம். முனியசாமிக்குத் தலை கால் புரியவில்லை.

இந்த வருடம் நவம்பரில் ஆலை ஷட் டவுன். ஓடுகிற ஆலையைச் சில வாரம் நிறுத்தி ரிப்பேர் பார்ப்பார்கள். அந்த நாட்களில் எல்லார் வாயிலும் 'ஜல்தி' தவிர வேறு சொல் வராது. சாரம் கட்டியதும் இன்ஸ்பெக்டர் ஏறிப் பார்த்து, சரியாக இருந்தால் பச்சை அட்டை மாட்ட வேண்டும். அதுவரை சிவப்பு அட்டை தொங்கும், யாரும் ஏறக் கூடாது. அந்தச் செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு இன்ஸ்பெக்டர் வரவில்லை. சூப்பர்வைசர் வந்தார். தானே சிவப்பைக் கழற்றிவிட்டுப் பச்சையை மாட்டினார். "யல்லா, சடோ" என்று சுரேஷ்குமாரை மேலே விரட்டினார். மூன்றாம் தட்டில் ஒரு பலகை கட்டப்படவில்லை. இடுப்பு பெல்ட்டின் கொக்கியை மாட்டுவதற்கான கயிறும் அங்கே இன்னும் இழுக்கவில்லை. சுரேஷ்குமார் கொக்கியைக் கையில் பிடித்துக்கொண்டு, எதில் மாட்ட என்று சுற்றிப் பார்த்ததை முனியசாமி கீழேயிருந்து பார்த்தான். அடுத்த அடி வைத்ததும் பலகை ஒரு பக்கம் தூக்கிக்கொண்டது, சுரேஷ்குமார் கீழே விழுந்தான்.

உயிர் போகவில்லை. முதுகெலும்பு போய்விட்டது. இடுப்புக்குக் கீழே கிள்ளினாலும் தெரியவில்லை என்று இரண்டாம் நாள் டாக்டர் சொன்னார்.

சூப்பர்வைசரைத் தவிர்த்தால் பார்த்த சாட்சி ஒரே ஆள், முனியசாமி. சாட்சி சொல்வதைப் பொறுத்துத்தான் எல்லாம். தப்பு கம்பெனியுடையது என்றால் சுரேஷ்குமாருக்கு இங்கேயே வைத்தியம் நடக்கும், நஷ்டஈடு கிடைக்கும். தப்பு அவனுடையது என்றால் டிக்கெட் போட்டு ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். கேம்ப்பில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம் இது. விபத்து நடந்த அன்றே ஆபீஸில் விசாரணைகளை எழுதும் சாகிர் வந்தார். முனியசாமி தனக்குத் தெரிந்த இந்தியில், பச்சை அட்டை, கட்டாத பலகை, இல்லாத கயிறு என்று ஒன்றுவிடாமல் சொன்னான். சாகிர் தலையாட்டிக்கொண்டே ஏதோ குறித்துக்கொண்டார். நல்ல மனிதர்தான், எல்லாருக்கும் தலையாட்டுவார். மேனேஜருக்கும் அப்படியே தலையாட்டுவார் என்பது அப்போது முனியசாமியின் புத்திக்கு எட்டவில்லை.

நாலு நாள் கழித்துச் சைட் ஆபீஸுக்குக் கூப்பிட்டார்கள். ஆலைக்குள் கேமரா போன் கூடாது, எல்லாரும் போனை கேம்ப்பிலேயே விட்டுவிட்டு வருவதுதான் வழக்கம். உள்ளே சாகிர், பிராஜக்ட் மேனேஜர், இன்னும் இரண்டு வெள்ளைச் சட்டைகள். மேசைமேல் டைப் அடித்த ஒரு தாள்.

"சார், இவர்தான் நம்ம டிக்‌ஷ்னரி. ஸ்கிராபிள் சாம்பியன்," என்று சாகிர் அறிமுகம் செய்தார். மேனேஜர் எழுந்து கை கொடுத்தார். பதினோரு வருடத்தில் ஒரு மேனேஜர் முனியசாமிக்குக் கை கொடுத்தது அதுதான் முதல் தடவை.

"பாய், இது உங்க வாக்குமூலம். இங்கிலீஷ்ல இருக்கு. தமிழ் ஆள் யாரையாவது கூப்பிடவா? தயாபரன் இருக்கார், பத்து நிமிஷத்துல வந்துடுவார்," என்றார் சாகிர் இந்தியில்.

கூப்பிடுங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நினைத்தால் எனக்கே ஆத்திரமாக வருகிறது. ஆனால் கோப்பை வாங்கியவன், மேனேஜரிடம் கை குலுக்கியவன், வாராவாரம் தான் தோற்கடிக்கும் தயாபரனைக் கூப்பிட்டு வாசிக்கச் சொல்வதா? நாலு வெள்ளைச் சட்டைகள் பார்த்துக்கொண்டு நிற்கும்போது?

"நோ நீட்," என்றான் முனியசாமி. மொழிபெயர்ப்பாளர் தேவையில்லை என்ற கட்டத்தில் தன் கையாலேயே டிக் போட்டான்.

அப்புறம் படித்தான். ஏமாற்றவில்லை, நிஜமாகவே படித்தான், ஆட்டத்தில் படிக்கிற மாதிரி. முதல் வரியில் ஹியர்பை. செல்லும், பதினாலு. இரண்டாம் வரியில் அடிக்வேட். ஆஹா, நடுவில் கியூ! எட்டெழுத்து, செல்லும். அடுத்து ஒமிட்டட். எண்ணினான், ஏழெழுத்து. அவன் மனசுக்குள் சுரேஷ்குமார், "அம்பது சேத்துக்க!" என்று கத்தினான். கடைசி வரியில் வெய்வ். வீயும் டபிள்யூவும் ஒரே வார்த்தையில் வருவது லேசில் கிடைக்காது. போன மாதம்தான் இதை இறக்கி ஓர் ஆட்டத்தை ஜெயித்தான். பழகிய முகங்களைப் பார்த்த மாதிரி இருந்தது. ஒரு வார்த்தைகூடப் புதிதில்லை. எல்லாம் செல்லும். ஆகவே தாளும் சரியாகத்தான் இருக்கும்.

கையெழுத்துப் போட்டான். மேனேஜர் மறுபடியும் கை கொடுத்தார்.

வெள்ளிக்கிழமை காலை பரமக்குடியிலிருந்து சங்கீதா போன் பண்ணினாள். சுரேஷ்குமாரின் மனைவி. "அண்ணே, நீங்க எழுதிக் குடுத்துட்டீகன்னு அவுக சொன்னாக. அதுவும் இங்கிலீசுலயே குடுத்தீகளாமே? அதக் கேட்டப்பறந்தான்ணே எனக்குச் சோறு உள்ள எறங்குச்சு," என்று அழுதாள். "நான் இருக்கேன்மா, நீ தைரியமா இரு," என்றான் முனியசாமி. உண்மையாகவே அப்படித்தான் நம்பினான்.

மதியம் ஆட்டம். ஸ்கோர் எழுத ஆளில்லாமல் தயாபரனே பேனா பிடித்தார். முனியசாமி, சாகிர் கொடுத்திருந்த வாக்குமூலத்தின் நகலைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து நீட்டினான். "சார், இதுல பாருங்க, ஒரு ஏழெழுத்து, ஒரு கியூ, எல்லாம் நம்ம ஐட்டம்."

தயாபரன் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் படித்தார். படித்து முடித்து மறுபடியும் முதலிலிருந்து படித்தார். அவர் முகம் போன போக்கைப் பார்த்து முனியசாமி கையிலிருந்த கட்டையைக் கீழே வைத்தான்.

"முனியசாமி, இதை வாசிச்சே கையெழுத்து வைச்சனீர்?"

"வாசிச்சேன் சார்."

"விளங்கி வாசிச்சனீரோ?"

தயாபரன் தாளைப் பலகைமேல் வைத்து, வரி வரியாக விரல் வைத்துத் தமிழில் சொன்னார். சாரம் போதுமான பாதுகாப்போடு இருந்தது. அதில் பச்சை அட்டை முறைப்படி மாட்டப்பட்டிருந்தது. கொக்கி மாட்டுவதற்குக் கயிறு இருந்தது. கொக்கியை மாட்டும்படி பலமுறை சொல்லியும் சுரேஷ்குமார் மாட்டாமல் விட்டார். இதை என் சொந்த விருப்பத்தில் சொல்கிறேன். இந்த வாக்குமூலத்தைப் பின்னால் மாற்றுகிற உரிமையை விட்டுக்கொடுக்கிறேன்.

"நான் இப்புடிச் சொல்லல சார்," என்றான் முனியசாமி. "நான் இதுல ஒண்ணுகூடச் சொல்லல."

"தெரியும் ஐசே. ஆனா கையெழுத்து உம்முடையது."

முனியசாமி தன் சட்டைப் பையில் இருந்த பழைய பட்டியலை எடுத்தான். ஏன் எடுத்தான் என்று அவனுக்கே தெரியாது. மடிப்பை முதல் தடவையாகப் பிரித்தான். மடிப்பிலேயே தாள் கிழிந்து இரண்டாகிவிட்டது. டபிள்யூ வரிசையில் தயாபரனின் குண்டு குண்டான எழுத்தில் இருந்தது: வெய்வ், தனக்குரிய உரிமையைத் தானே விட்டுக்கொடுத்தல். நாலு வருடமாக அது அவன் நெஞ்சுக்கு நேரே, பைக்குள்தான் இருந்திருக்கிறது.

மறுநாள் காலை டியூட்டிக்குப் போகாமல் சாகிர் முன்னால் போய் நின்றான். "சாகிர் பாய், தப்பா எழுதியிருக்கு. நான் சொன்னது வேற. கிழிச்சுட்டு வேற எழுதுங்க பாய்," என்று தெரிந்த இந்தி எல்லாவற்றையும் கொட்டினான். சாகிர் அவனை உட்காரச் சொன்னார், டீ வரவழைத்தார். சங்கடப்பட்டார் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

"பாய், ஃபைல் தோஹாவுக்குப் போயிடுச்சு. இன்ஷூரன்ஸுக்கும் போயிடுச்சு. கலாஸ், முடிஞ்சுது. நான் கேட்டேன்ல, தமிழ் ஆள் வேணுமான்னு? நாலு பேர் முன்னாடி கேட்டேன்ல?"

"கேட்டீங்க."

"நீங்கதானே வேணாம்னு டிக் போட்டீங்க?"

அடுத்தவன் கட்டையை வைத்தபிறகு சேலஞ்ச் கிடையாது. புதிதாக ஆட வருகிறவர்களுக்கு இந்த விதியை எத்தனை தடவை முனியசாமியே ஜம்பமாகச் சொல்லிக் கொடுத்திருப்பான். டீயைக் குடிக்காமல் எழுந்து வந்தான்.

தயாபரன் சும்மா இருக்கவில்லை. தன் வேலைக்கே வேட்டு வரலாம் என்று தெரிந்தும், முனியசாமி சொல்லச் சொல்லப் புதிய வாக்குமூலம் ஒன்றை இங்கிலீஷில் எழுதினார். ஒவ்வொரு வரியையும் தமிழில் வாசித்துக் காட்டி, "இது சரியோ? இது நீர் சொன்னதோ?" என்று கேட்டுக் கேட்டு எழுதினார். அதைத் தலைமை ஆபீஸில் கொடுத்தார்கள். தொழிலாளர் புகார் வாங்கும் இடத்திலும் ஒரு நகல் கொடுத்தார்கள். ஒரு நம்பர் கொடுத்து, கூப்பிடுவோம், காத்திருங்கள் என்றார்கள். ஒன்பது நாளில் கம்பெனியிடமிருந்து பதில் வந்தது. சாட்சிக்கு ஆங்கிலம் தெரியாது என்பதை ஏற்க முடியாது. மொழிபெயர்ப்பாளர் வேண்டாம் என்று அவரே குறித்திருக்கிறார். ஆதாரம் இணைக்கப்பட்டுள்ளது. பின் போட்டுக் கோத்திருந்த ஆதாரத்தைத் தயாபரன் புரட்டினார். நோட்டீஸ் போர்டில் இருந்த அதே படம். கோப்பையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, எல்லாப் பல்லும் தெரிய முனியசாமி சிரித்துக்கொண்டிருந்தான்.

அவன் அன்றிலிருந்து ஸ்கிராபிள் பலகையைத் தொடவில்லை. கேம்ப்பில் யாராவது டிக்‌ஷ்னரி என்று கூப்பிட்டால் காது கேட்காதவன் மாதிரி நடப்பான். புகார் நம்பரை மட்டும் போனில் வைத்து நாளைக்கு நாலு தடவை பார்த்துக்கொண்டான். நம்பர் வந்த இடத்திலிருந்து அழைப்பு வரவில்லை. சுரேஷ்குமாருக்கு டிக்கெட் வந்துவிட்டது.

போவதற்கு முந்தைய நாள் மதியம் முனியசாமி ஆஸ்பத்திரிக்குப் போனான். இரண்டு வாரமாகத் தட்டிக் கழித்துக்கொண்டே வந்த காரியம். ஷட் டவுன், ஓவர்டைம் என்று போனில் ஏதேதோ சொல்லியிருந்தான். சுரேஷ்குமார் தலையணையை முதுகுக்குக் கொடுத்துச் சாய்ந்திருந்தான். முகத்தில் சவரம் செய்துவிட்டிருந்தார்கள். போர்வைக்குக் கீழே கால்கள் வேறு யாருடையவோ மாதிரி அசையாமல் கிடந்தன.

"வாடா டிக்‌ஷ்னரி," என்றான் சிரித்து. "என்னடா இளைச்சுப் போயிட்ட? பருப்பு ஊத்துறதில்லையா?"

முனியசாமி படுக்கை ஓரத்தில் உட்கார்ந்தான். எங்கே பார்ப்பது என்று தெரியாமல் ஜன்னலைப் பார்த்தான்.

"என்னை அனுப்புறாய்ங்க மாப்ள. ஊர்ல போயி வைத்தியம் பாருன்றாய்ங்க. எதுக்குன்னு கேட்டா ஒரு கவரைக் கையில குடுத்துட்டுப் போயிட்டாய்ங்க." தலைமாட்டிலிருந்து பழுப்பு உறையை எடுத்தான். "இதுல நீ எழுதிக் குடுத்ததும் இருக்காம்ல. போனைக் காட்டித் தமிழாக்கிப் பாத்தா அது என்னமோ கொழப்புது, ஒண்ணும் வெளங்கல. ஊருக்குப் போன ஒடனே வக்கீல்கிட்ட குடுக்கப் போறேன். அதுக்கு முன்னாடி உன் வாயால ஒருதரம் கேக்கணும்டா. படி."

"அதெல்லாம் எதுக்குடா இப்ப..."

"படிடா. நீ எனக்காகப் பேசுனதக் கேக்கத்தான் நான் ரெண்டு வாரமாக் காத்துக் கெடக்கேன்."

தாளை வாங்கினான். பொய்யாகப் படித்துவிடலாம். சாரம் சரியில்லை, கயிறு இல்லை, சுரேஷ்குமார் மேல் தப்பில்லை என்று தமிழில் அடித்துவிட்டால் இந்த அறையில் கண்டுபிடிக்க ஆளில்லை. நாக்கு அதற்குத் தயாராகக்கூட இருந்தது. ஆனால் அந்தப் பொய் எவ்வளவு தூரம் போகும்? பரமக்குடி வக்கீல் மேசை வரைக்கும். அங்கே அவர் படித்துச் சொல்லும்போது பக்கத்தில் சங்கீதா நிற்பாள்.

முனியசாமி படித்தான். அவன் வாழ்க்கையில் அர்த்தம் தெரிந்து படித்த முதல் இங்கிலீஷ் தாள் அது. சாரம் பாதுகாப்பாக இருந்தது என்று சொன்னான். கயிறு இருந்தது என்று சொன்னான். கொக்கியை மாட்டச் சொல்லியும் சுரேஷ்குமார் மாட்டாமல் விட்டார் என்று சொன்னான். குரல் எங்கேயும் நிற்காமல் பார்த்துக்கொண்டான், நின்றால் மறுபடியும் தொடங்க முடியாது என்று அவனுக்குத் தெரியும்.

"இது சூப்பர்வைசர் எழுதுனதா?" என்றான் சுரேஷ்குமார்.

"இல்ல."

"கீழ யாருடா கையெழுத்து?"

"நான்."

வெளியே தாழ்வாரத்தில் யாரோ தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு போனார்கள்.

"எனக்கு அர்த்தம் தெரியாதுடா," என்றான் முனியசாமி. "சத்தியமாத் தெரியாது. வார்த்தை எல்லாம் தெரிஞ்சுது. அர்த்தம் தெரியல. தமிழ் ஆள் வேணுமான்னு கேட்டாய்ங்க. நான்தான் வேணாம்னுட்டேன்." சுரேஷ்குமார் அடிப்பான், காறித் துப்புவான், சங்கீதாவுக்குப் போன் போடுவான் என்று எதிர்பார்த்தான். எதுவாக இருந்தாலும் வாங்கிக்கொள்ளலாம் என்றிருந்தது.

சுரேஷ்குமார் தாளைத் தன் பக்கம் இழுத்துப் பார்த்தான்.

"நான் கொக்கி மாட்டாம விட்டேன்னு இருக்குல்ல. அது எந்த வார்த்தைடா?"

ஒமிட்டட் என்ற வார்த்தையை முனியசாமி விரலால் காட்டினான்.

சுரேஷ்குமார் அந்த வார்த்தையின் எழுத்துகளை ஒவ்வொன்றாகத் தொட்டான். பொழுதுபோக்கு அறையில் கட்டைகளைத் தொட்டுக் கூட்டுவானே, அதே மாதிரி. கடைசி எழுத்தில் விரல் நின்றது.

"ஏழெழுத்தா மாப்ள?"

முனியசாமி தலையை ஆட்டினான்.

"அப்ப அம்பது சேத்துக்க," என்றான் சுரேஷ்குமார். சத்தமே வரவில்லை.